பி.பி. 54.61

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அம்மா, கீழ்ப் போர்ஷன் அக்கா. இல்லாதவர்களும் மூன்று பேர். தங்கச்சி இல்லை, ஏனென்றால் ஓடப்போகிறவளே அவள்தான். வடக்கே, ரயிலில் இரண்டு நாள் தூரத்தில் ஒரு ஸ்டேடியத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுடைய கோச் மேடமும் கூடப் போயிருந்தார். நைனா செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு கோடவுனில் லோடு இறக்கிக்கொண்டிருந்தார். லீவு கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. "நான் பாத்தா அது தோத்துடும்" என்று சொல்லிவிட்டுக் காலையிலேயே பஸ் ஏறிவிட்டார்.

ஃபோனைப் பருப்பு டப்பாமேல் சாய்த்து வைத்திருந்தேன். தேசிய அளவிலான போட்டி, பெண்கள் நானூறு மீட்டர், ஃபைனல். எட்டுப் பேர். படம் நின்று நின்று வந்தது. கடைசி நூறு மீட்டரில் அம்மா டப்பாவையே பிடித்துக்கொண்டாள். ஓட்டம் முடிந்ததும் விரல் விட்டு எண்ணினாள்.

"ஆறாவதா?"

"ஆறாவது."

"ஆறாவதுக்கு இன்னா குடுப்பாங்க?" என்றார் கீழ்ப் போர்ஷன் அக்கா.

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க."

"அடப்பாவமே. அம்மாந்தூரம் போயிட்டு" என்று தன் டீ கிளாஸை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் ஃபோனை அணைக்கவில்லை. முழங்காலில் கையூன்றிக் குனிந்திருந்த தங்கச்சி நிமிர்ந்து போர்டைப் பார்த்தாள். அடுத்த நொடி குதித்தாள். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, மூன்று தடவை. அதே படத்தின் ஓரத்தில் முதலாவதாக வந்த பெண் தரையில் உட்கார்ந்து நிதானமாக ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஜெயித்தவள் சும்மா இருக்கிறாள், ஆறாவது வந்தவள் குதிக்கிறாள். எனக்குச் சந்தேகம் அங்கேதான் ஆரம்பித்தது.

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் குவாலிட்டியில் இருக்கிறேன். பித்தளை புஷ் செய்கிறோம், நடுவில் ஓட்டையுள்ள ஒரு சின்ன உருளை. அந்த ஓட்டையைப் பார்க்க இரண்டு முனையுள்ள ஒரு கேஜ் உண்டு. பச்சை முனை உள்ளே போக வேண்டும், சிவப்பு முனை போகக் கூடாது. அவ்வளவுதான். பச்சை போகாவிட்டால் ரிஜெக்ட். சிவப்பு போய்விட்டாலும் ரிஜெக்ட். நேற்றைக்குச் செய்த பீஸைவிட இது நல்ல பீஸ் என்று எந்த ஆபரேட்டரும் என்னிடம் வந்து நிற்க முடியாது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமா முடித்து நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இது என்றுகூடச் சொல்வேன்: ஒன்று உள்ளே போகும், இல்லையென்றால் போகாது.

ஃபோனில் மேடத்தின் மெசேஜ் வந்தது. மேடம் திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸில் வீடு. ஒரு காலத்தில் மேடமும் ஓடியவர். பேசுகிறபடியே எழுதுவார், எங்கள் குடும்பக் குரூப்பில் போட்டிருந்தார்: "பாப்பாவுக்கு பி.பி. நல்லா இறங்கிட்டு. 54.61. யாரும் கவலைப்பட வேண்டாம். நாளைக்கு ரயில் ஏறுதோம்."

பி.பி. என்றால் பர்சனல் பெஸ்ட். அவள் வாழ்க்கையில் அதுவரைக்கும் ஓடியதிலேயே வேகமான ஓட்டம். எனக்குத் தெரியும். அம்மாவுக்கு நான் சொன்னேன்.

நைனாவுக்குச் சொல்ல யாரும் இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. லோடு கொண்டுவந்த ஒரு லாரி டிரைவரிடம் ஃபோனைக் கொடுத்திருக்கிறார். டிரைவர் வீட்டிலும் சுகர், பிரஷர் எல்லாம் உண்டு போலிருக்கிறது. படித்துப் பார்த்துவிட்டு, "அண்ணாத்தே, பொண்ணுக்கு பி.பி. எறங்கிடுச்சாம். அம்பத்திநாலுக்கு வந்துக்கீது. ரொம்ப லோ. ஆளு மயக்கமாத்தான் கெடக்கும்" என்றிருக்கிறார்.

இரண்டரை மணி நேரம் கழித்து நைனா வீட்டு வாசலில் நின்றார். சட்டை முழுக்க சிமெண்ட் பவுடர். மூன்று வண்டி மாறி வந்திருக்கிறார். கையில் இரண்டு குளுக்கோஸ் பாக்கெட்.

"கொழந்த எங்க?"

"ஓடி முடிச்சிட்டா நைனா."

"எந்த ஆஸ்பத்திரி?"

விஷயம் புரிய எங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆனது. புரிந்ததும் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நைனாவும் கடைசியில் சிரித்தார், ஆனால் கொஞ்சம் கோபமாக. "ரெண்டுத்துக்கும் ஒரே பேரு வெச்சா நான் இன்னா பண்றது? படிச்சவங்கோ வேற வேற பேரா வெக்கக் கூடாதா?"

இங்கிலீஷில் அது வேறு எழுத்து நைனா, ஒன்றில் P முதலில் வரும், இன்னொன்றில் பின்னால் வரும், தமிழில் எழுதினால்தான் ஒரே மாதிரி வரும் என்று நான் விளக்கினேன். ரொம்பப் பெருமையோடு விளக்கினேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

தங்கச்சி வந்து சேர்ந்த மத்தியானம் அந்த குளுக்கோஸைக் கரைத்துத்தான் அம்மா அவளுக்குக் கொடுத்தாள். சொம்பைக் கீழே வைக்காமல் குடித்தாள்.

"ஆறாவது" என்றேன்.

"பி.பி." என்றாள்.

"போன தடவ?"

"எட்டாவது."

"அப்பவும் பி.பி.தானே?"

"ஆமா."

"அப்போ வருஷா வருஷம் பி.பி. வருது, மெடல் வரல."

"டேய் அண்ணா, அங்க ஓடனது நாட்டுலயே நல்லா ஓடற எட்டு பேரு. அதுல ஒருத்தி நான். அத்த வுட்டுட்டு ஆறாவது ஆறாவதுன்றியே."

"அந்த ஏழு பேருகூட ஓடத்தானே போன? உன்கூடவே ஓடறதுக்கு எதுக்கு ரெண்டு நாள் ரயில்ல போவணும்? அத இங்கயே ஓடலாமே. பச்ச முனை உள்ள போவலன்னா…"

"நான் இன்னா உன் புஷ்ஷா?" என்று சொம்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போனாள்.

நான் இதைச் சும்மா பேசவில்லை. அப்போது ஒரு முடிவு எடுக்க வேண்டியிருந்தது. பூந்தமல்லியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. விளையாட்டு டீச்சருக்கு உதவி. ஜூனில் சேர வேண்டும். மாதம் பதினாலாயிரம். சேர்ந்தால் காலையும் சாயந்திரமும் அவர்கள் பிள்ளைகளோடுதான் நிற்க வேண்டும், பிராக்டிஸ் கிடையாது. அதாவது ஓட்டம் முடிந்தது. சேராவிட்டால் இன்னொரு வருஷம் என் சம்பளத்திலும் நைனாவின் முதுகிலும் ஓட வேண்டும். அம்மா பக்கத்து ஃப்ளாட்டுகளில் மூன்று வீட்டு வேலை பார்க்கிறாள், நாலாவது வீடு பிடிக்கலாமா என்று அப்போதே விசாரித்துக்கொண்டிருந்தாள்.

இன்னொரு விஷயத்தையும் நான் கவனித்துவைத்திருந்தேன். நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு எடுக்கும்போதெல்லாம் ஒரு பி.பி. வந்துவிடும். அம்மாவுக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன மாதம் ஒன்று. நைனா கை உடைந்து வீட்டில் கிடந்தபோது ஒன்று. இப்போது பள்ளிக்கூட வேலை வந்த நேரத்தில் ஒன்று. மேடம் வீட்டுக்கே வந்து நோட்டைத் திறந்து காட்டுவார், "பாத்தியளா, இறங்குதுல்லா" என்பார். மேடம் எங்களிடம் பெரிதாகக் காசு வாங்கியதில்லை. ஆனாலும் அவரிடம் தேசியப் போட்டிவரை போன பெண் இவள் ஒருத்திதான். இவள் நின்றுவிட்டால் ஆவடி குவார்ட்டர்ஸ் கிரவுண்டுக்குக் காலையில் யார் வருவார்கள்? குவார்ட்டர்ஸ்காரர்கள் வாக்கிங் வருவார்கள். அவ்வளவுதான்.

கம்பெனியில் ஒரு பழக்கம். எந்த அளவையும் நம்புவதற்கு முன்னால் அளந்த கருவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். பின்பக்கம் கேலிபரேஷன் ஸ்டிக்கர் இருக்கும், கடைசியாக அதைச் சரிபார்த்த தேதி. ஸ்டிக்கர் இல்லையென்றால் அந்தக் கருவி என்ன சொன்னாலும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 54.61 மெஷின் எடுத்த அளவு, அதை நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் மேடத்தின் நோட்டில் அதற்கு முந்தைய பி.பி. 55.00. ரயில் ஏறுவதற்கு ஒரு மாதம் முன்னால் ஆவடி கிரவுண்டில் மேடமே வாட்ச் பிடித்து எடுத்தது. ஐம்பத்தைந்திலிருந்து ஐம்பத்து நாலு புள்ளி ஆறு ஒன்றுக்கு இறங்கியதுதான் எல்லோரும் கொண்டாடிய இறக்கம். அப்படியானால் அந்த கிரவுண்டுக்கு ஸ்டிக்கர் எங்கே?

எங்கள் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் ஐம்பது மீட்டர் ஸ்டீல் டேப் இரவல் கேட்டேன். "இன்னா தம்பி, பிளாட்டு கிளாட்டு வாங்கப் போறியா?" என்று கேட்டுக்கொண்டே கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கள்ளிக்குப்பம் வீட்டிலிருந்து தங்கச்சியை வண்டியில் பின்னால் உட்கார வைத்து ஆவடிக்குப் போனேன். பையில் டேப், ஒரு கிலோ ஆணி, சுத்தியல்.

மேடம் அந்த மண் கிரவுண்டில் சுண்ணாம்புப் பொடியால் போட்டிருந்த கோட்டைத்தான் அளக்க வேண்டும். நேர்க்கோடு சுலபம். வளைவில் உள்கோட்டிலிருந்து இருபது சென்டிமீட்டர் தள்ளி, மீட்டருக்கு ஓர் ஆணி அடித்து, ஆணிமேல் டேப்பைச் சுற்றிக்கொண்டே போனேன். வாக்கிங் வந்த ஒருவர் நின்று, "சார், ரோடு வரப்போவுதா?" என்று கேட்டார். மேடம் இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

குறைவாக இருக்கும் என்றுதான் நினைத்துப் போனேன். முன்னூற்றுத் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்றாறு. குறைவான தூரத்தில் ஓடவிட்டு நல்ல டைமிங் காட்டி எங்களை ஏமாற்றுகிறார் என்று. வந்தது நானூற்று இரண்டு மீட்டர் எண்பது சென்டிமீட்டர். இன்னொரு தடவை அளந்தேன். அதேதான்.

"கூட இருக்கு மேடம்."

"இருக்கட்டும்."

"எப்படி அளந்தீங்க?"

"கயிறு வச்சுத்தான்." ஷெட்டுக்குள் போய் எடுத்துவந்து காட்டினார். நீல நைலான் கயிறு. இழுத்தால் நீளும் கயிறு.

"உங்களுக்குத் தெரியுமா, கூட இருக்குன்னு?"

மேடம் என் முகத்தைப் பார்த்தார், பிறகு கயிற்றைப் பார்த்தார். "தெரியாமலா போட்டேன்? கூட இருந்தா நல்லதுதான? இங்க கஷ்டப்பட்டா அங்க லேசா இருக்கும்லா."

அதை அவர் முன்னாலேயே யோசித்து வைத்திருந்தாரா, அந்த நிமிஷம் யோசித்துச் சொன்னாரா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது.

தங்கச்சிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "ரெண்டு வருஷமா தெனம் மூணு மீட்டர் எக்ஸ்ட்ராவா ஓடிகினு இருந்தேனா! மேடம், ஏன் மேடம் இப்டி?"

நான் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து ஃபோனில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் ஓடும் வேகத்துக்கு இரண்டு மீட்டர் எண்பது சென்டிமீட்டருக்கு ஆகும் நேரம் 0.38 நொடி. 55.00 எடுத்தது இந்த நீளமான கிரவுண்டில். சரியான நானூறு மீட்டராக இருந்திருந்தால் அன்றைக்கே 54.62 ஓடியிருப்பாள். வடக்கே ஓடியது 54.61.

"நீ எறங்கவேயில்ல" என்றேன். "எறங்கனது நொடியில நூத்துல ஒரு பங்கு. மிச்சமெல்லாம் கயிறு."

அவள் சிரிப்பு நின்றது.

"அப்படின்னா ஒரு மாசம் முன்னாலயே ஓடிட்டான்னு அர்த்தம்" என்றார் மேடம். "அதையும் சேத்துல்லா சொல்லணும்?"

"மேடம், நீங்க பேசாதீங்க" என்றாள் தங்கச்சி. பிறகு என் பக்கம் திரும்பினாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள். "ரெண்டு நாளு ரயில்ல பாத்ரூம் பக்கத்துல குந்திகினு போனேன். அவளுங்க எல்லாம் ஃபிளைட்ல வந்தாளுங்கோ. அங்க போயி, அம்மாம் பெரிய ஸ்டேடியத்துல, அவளுங்க நடுவுல நின்னு, இங்க உங்க முன்னாடி ஓடற அதே ஓட்டத்த ஓடனேன். கையி காலு ஆடாம ஓடனேன். அத்த உன் டேப்புல எங்க அளப்ப?"

எனக்குப் பதில் இருந்தது. அதுவும் மெடல் இல்லை என்பதுதான் பதில். அதை விட்டுவிட்டு ஆணிகளைப் பிடுங்க ஆரம்பித்தேன். அதில் ஓர் ஆணி தவறினாலும் நாளைக்கு அவள் காலில்தான் ஏறும் என்று பயந்து, எண்ணி எண்ணிப் பிடுங்கினேன்.

ஒரு வாரம் அவள் என்னிடம் பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை மட்டும் தள்ளி வைப்பாள்.

அந்த வாரத்தில்தான் ஃபார்ம் வந்தது. ஒரு பெரிய நிறுவனம் தன்னுடைய விளையாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறது என்று மேடம் எங்கிருந்தோ ஜெராக்ஸ் வாங்கிவந்தார். எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை, ஓடுவதுதான் வேலையே. முதலில் ஃபார்ம், அதில் தேறினால் ட்ரயல், ட்ரயலில் தேறினால் வேலை. பள்ளிக்கூடத்துக்கு அதுவரைக்கும் தவணை கேட்டோம். ஜூன் முதல் திங்கட்கிழமைக்குள் சொல்லுங்கள் என்றார்கள்.

எங்கள் வீட்டில் எந்த ஃபார்மும் என்னிடம்தான் வரும். ரேஷன் கார்டு, நைனாவின் பி.எஃப்., அம்மாவின் ஆபரேஷன், எல்லாம் என் கையெழுத்துதான். அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவேன். இரண்டு பக்க ஃபார்ம், எல்லாம் தமிழில் டைப் அடித்தது. இரண்டாம் பக்கத்தில் பதக்கங்கள் எழுதப் பெரிய கட்டம். மாநில அளவில் அவள் வாங்கிய ஒரு வெண்கலத்தை எழுதினேன், அதன்பின் அந்தக் கட்டத்தில் நிறைய வெள்ளையாக மிச்சமிருந்தது. தேசியப் போட்டியில் ஆறாவது என்று எழுதலாம் என்றால் முதல் மூன்று இடங்கள் மட்டும் என்று அடைப்புக்குள் போட்டிருந்தார்கள்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி. அதற்குக் கீழே ஒரே வரிசையில் மூன்று சின்னக் கட்டங்கள். உயரம். எடை. பி.பி.

அந்த மூன்றாவது கட்டத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆகிவிட்டது. கேட்கிறார்களே என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய நிறுவனம், அவர்களே இதற்கு ஒரு கட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள், நான்தான் டேப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். பேனாவை மாற்றி, கறுப்பு மையில், அச்சு மாதிரி எழுதினேன்: 54.61. அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு வாரத்துக்குப் பிறகு என்னைப் பார்த்துப் பேசினாள்.

"எழுதிட்டியா?"

"கேட்டுக்கீறாங்க. எழுதாம?"

பக்கத்தின் அடியில் டாக்டர் கையெழுத்துக்கு இடம் இருந்தது. உயரம், எடை எழுதியிருக்கிறோமே, அதற்காக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் தெரு டாக்டர் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு நாடி பார்ப்பவர். ஃபார்மை வாங்கினார், சீல் குத்தினார், கையெழுத்துப் போட்டார், "நெக்ஸ்ட்" என்றார்.

ஃபார்மைக் கடைசி நாள் மாலை நாலு மணிக்குள் நேரில் கொடுக்க வேண்டும். நான் அரை நாள் லீவு போட்டுத் தங்கச்சியோடு கிளம்பினேன். அம்பத்தூரில் ரயில் ஏறி, இறங்கி, ஆட்டோ பிடித்து, இரண்டாவது மாடியில் அந்த அலுவலகத்துக்குப் போகும்போது மூன்று மணி. கவுன்டரில் ஒரு அம்மாள், கண்ணாடியை மூக்கு நுனியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் பார்த்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது.

"யாரும்மா இத ஃபில் பண்ணது?"

"அண்ணன்" என்றாள் தங்கச்சி.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். "படிச்சிருக்கீங்களா?"

"டிப்ளமா, மேடம்."

"இந்த பி.பி.ல ஒரு ஆளு உசுரோட இந்த மாடி ஏறி வர முடியாது தம்பி."

முதலில் எனக்குப் புரியவில்லை. தங்கச்சிக்குப் புரிந்துவிட்டது. கவுன்டர் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து சிரித்தாள், மூச்சுவிட முடியாமல். நான் ஃபார்மை வாங்கிப் பார்த்தேன். உயரம், எடை, பி.பி., டாக்டர் கையெழுத்து. நைனாவுக்கு லாரி டிரைவர் படித்துக் காட்டினார். எனக்கு யாரும் படித்துக் காட்டவில்லை, நானே படித்தேன்.

"மேடம், இது அவ ஓடன டைமிங்" என்றேன். "இத எந்தக் கட்டத்துல எழுதறது?"

"டைமிங்கா? அது கேக்கலியே."

"ஓடற வேலைக்குத்தானே ஃபார்மு?"

"மெடலுக்கு எடம் இருக்கே. மெடல் போடுங்க."

இத்தனை நாளாக நான் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அந்த அம்மாள் சொன்னார். அதே வார்த்தை. அதை அடுத்தவர் வாயால் கேட்டபோது எனக்கு அந்த ஃபார்மின் மேலேயே சந்தேகம் வந்தது. யார் போட்ட கட்டம் இது? ரத்தம் எப்படி ஓடுகிறது என்று கேட்கிறவர்கள், அந்தப் பெண் எவ்வளவு வேகமாக ஓடுகிறாள் என்று ஏன் கேட்கவில்லை? அப்படியானால் ஃபார்ம் வருவதற்கு முன்னாலேயே ஆளை முடிவு செய்துவிட்டார்களா? கேட்கவில்லை. புது ஃபார்ம் ஒன்று கொடுங்கள் என்று மட்டும் கேட்டேன்.

"நாலு மணி" என்றார் அந்த அம்மாள், தலைக்கு மேலிருந்த கடிகாரத்தைக் காட்டி.

தெருமுனையில் ஒரு கிளினிக் இருந்தது. ஓடினோம். அவள் ஓடினாள் என்றுதான் சொல்ல வேண்டும், நான் பின்னால் போனேன். டாக்டர் அவளுக்குப் பட்டை கட்டிப் பார்த்தார். நூற்றுப் பத்து, எழுபது. எழுதிச் சீல் வைத்தார். பிறகு கதவில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "நீங்க உக்காருங்க" என்று எனக்கும் கட்டினார். நூற்றைம்பது, நூறு.

"இவங்க நல்லா இருக்காங்க. உங்களுக்குத்தான் கவனிக்கணும்" என்றார்.

திரும்பி வரும்போது, நடந்துகொண்டே, தங்கச்சி குடும்பக் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டாள். "நைனா, அண்ணனுக்கு பி.பி. வந்துடுச்சு."

நாங்கள் மாடி ஏறுவதற்குள் நைனாவின் பதில் வந்துவிட்டது. பின்னால் லாரி ஹார்ன் சத்தம், நடுவில் அவருடைய குரல், ரொம்பச் சந்தோஷமாக: "எத்தனாவது?"

நாலு மணிக்கு ஏழு நிமிஷம் இருக்கும்போது ஃபார்ம் உள்ளே போனது.

வெண்கலத்தை வைத்து அவளை ட்ரயலுக்குக் கூப்பிட்டார்கள். மே மாதக் கடைசி, காலை வெயில். மூன்று பேரைத்தான் எடுப்பார்கள் என்று முன்னாலேயே சொல்லியிருந்தார்கள். நான் வேலியோரம் நின்றேன். அங்கே ரப்பர் டிராக், மெஷின் டைமிங். டேப் தேவையில்லை, இருந்தாலும் கண்ணால் ஒரு சுற்று பார்த்துக்கொண்டேன்.

நாலாவது வந்தாள். மூன்றாவது வந்த பெண்ணுக்கும் அவளுக்கும் நடுவில் நொடியில் நூற்றில் ஏழு பங்கு. போர்டில் அவள் பேருக்கு நேராக 54.38.

இந்தத் தடவை அவள் குதிக்கவில்லை. நான்தான் ஃபோனில் 54.61-ஐ எடுத்து வைத்துக் கழித்துப் பார்த்தேன். இரண்டும் மெஷின், இரண்டும் சரியான நானூறு. 0.23. கயிறு இல்லை, வாட்ச் இல்லை, மேடத்தின் நோட்டு இல்லை. எங்கே தட்டிப் பார்த்தாலும் குறை கிடைக்கவில்லை. அன்றைக்குக் குறை ஒன்று கிடைத்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பர்சனல் பெஸ்ட்டை வெற்றி என்று நான் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நாலாவது நாலாவதுதான். அவளுக்கு வேலை கிடைக்கவில்லை, அந்த மூன்று பேருக்குக் கிடைத்தது. ஆனால் எங்கள் கம்பெனியில் ரிஜெக்ட் தட்டுக்கும் ஓகே தட்டுக்கும் நடுவில் இன்னொரு தட்டு உண்டு. மெஷினில் புது டூல் மாட்டும்போது முதலில் வரும் பீஸ்களை அதில் போடுவோம். செட்டிங் பீஸ் என்று பேர். ஒவ்வொரு பீஸாக அளவு நெருங்கி வரும். அதை ஓகே என்று யாரும் அனுப்ப மாட்டார்கள், ரிஜெக்ட் என்று யாரும் ஆபரேட்டரைத் திட்டவும் மாட்டார்கள். சூப்பர்வைசர் ஒன்றுதான் கேட்பார்: இன்னும் எத்தனை செட்டிங் பீஸ் போகும்? வீணாகும் பித்தளைக்கு ஒரு கணக்கு வேண்டுமே என்று.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் நாலு பேரும் உட்கார்ந்தோம். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"அந்த மூணாவது வந்த பொண்ணு, அதுக்கும் பி.பி.யா?" என்றார் நைனா.

"இல்ல. அவ போன வருஷமே இதவிட நல்லா ஓடிக்கீறா."

"அப்போ நம்மளுது மட்டும்தான் பி.பி.யா?"

"ஆமா."

"வேலை மட்டும் இல்ல."

"இல்ல."

அம்மா என்னைப் பார்த்தாள். தங்கச்சி யாரையும் பார்க்கவில்லை, கால் பெருவிரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது கறுத்துப் போயிருந்தது.

"நான் ஸ்கூலுக்குப் போறேன்" என்றாள். "நீ சொன்னதுதான் கரெக்ட்டு. பச்ச உள்ள போவல."

அவள் அதைச் சொல்வாள் என்று இரண்டு மாதமாகக் காத்திருந்தேன். சொன்ன உடனே எனக்கு அவள்மேலும் சந்தேகம் வந்தது, என்னை மடக்கத்தான் இப்படிச் சொல்கிறாளோ என்று. முகத்தைப் பார்த்தேன். அப்படி இல்லை.

"ஒரு வருஷம்" என்றேன். "அடுத்த ட்ரயல் வரைக்கும். அதுக்கு மேல ஒரு நாள் இல்ல."

"இன்னாடா இது, நீயா பேசற?" என்றாள் அம்மா.

"மேடத்துகிட்ட அந்தக் கயித்தத் தூக்கிப் போடச் சொல்லு. நான் வந்து டேப்பு வெச்சு கோடு போட்டுத் தரேன்."

"வேணாம்" என்றாள் தங்கச்சி. "அந்த மூணு மீட்டர் இருக்கட்டும்."

திங்கட்கிழமை காலை எஸ்டேட் வாசலில் நின்று நான்தான் பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தேன். வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். வீட்டுச் சூழ்நிலை என்றேன். ஷிஃப்ட் தொடங்கக் கொஞ்ச நேரம் இருந்தது. செட்டிங் பீஸுக்கு ஒரு கணக்கு வேண்டும் என்பதால் அங்கேயே நின்று பெருக்கிப் பார்த்தேன். பதினாலாயிரம், பன்னிரண்டு மாதம். ஒரு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் ரூபாய்.